என் மனைவி நட்ட எல்லைக்கல்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருக்கிறது. என் மனைவி வால்புர்காவின் பை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம், அந்தப் பை வந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. தூக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும். சுட்ட மண் வில்லைகள் என்று ஊரே சொல்கிறது, அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். அவற்றின் மேல் என்ன கீறியிருக்கிறது, எத்தனை வில்லைகள், எப்படி அடுக்குவார்கள் என்று கேட்டால் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள், செத்த பிறகாவது சொல்வாயா என்றேன். யார் செத்த பிறகு என்று கேட்டாள்.

எங்கள் ஊர் எர்லன்விண்டில் எழுவர் என்றால் எல்லைக்கல் நடுகிற ஏழு பேர். வயலிலோ காட்டிலோ ஒரு கல் சாய்ந்தாலும், உடைந்தாலும், யாருக்காவது சந்தேகம் வந்தாலும் இவர்கள்தான் போக வேண்டும். கல்லை நிறுத்துவதற்கு முன் குழியின் அடியில் அந்த வில்லைகளை ஒரு முறைப்படி வைப்பார்கள். அதற்குப் பெயர் சாட்சி. அந்த முறை ஏழு பேருக்கு மட்டும் தெரியும். எவனாவது கல்லைப் பெயர்த்துப் பக்கத்துக்காரன் நிலத்துக்குள் தள்ளி வைத்தால், கல்லை வைப்பான், சாட்சியை வைக்க அவனுக்குத் தெரியாது. தோண்டிப் பார்த்தால் அகப்பட்டுவிடுவான். எழுவரில் ஒருவர் சத்தியம் செய்தால் சாகும்வரை விலக முடியாது, வெளியே சொல்லவும் முடியாது, புருஷனிடம்கூட. 'கூட' என்ன, புருஷனிடம்தான் முக்கியமாக என்பாள் வால்புர்கா.

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கிலியன், பால் லாரி ஓட்டுகிறவன், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்தவன். முப்பத்தோரு வருஷம் கழித்தும் இந்த ஊரில் எனக்கு 'அந்தப் பக்கத்தான்' என்றுதான் பெயர். வாய் சும்மா இருக்காது என்று இன்னொரு பெயரும் உண்டு. அது பொய்யில்லை.

வால்புர்கா மர அறுவை ஆலையில் ரம்பங்களுக்குக் கூர் தீட்டுகிறவள். பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தாள், இப்போது ஐம்பத்தெட்டு. பல் ஒன்று மழுங்கியிருந்தால் ரம்பம் ஓடுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். இடது கைக்காரி. பள்ளியில் அந்தக் கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைத்து எழுதப் பழக்கினார்களாம். அதனால் எழுதுவது மட்டும் வலது கை. அரம் பிடிப்பது, கத்தி பிடிப்பது, என் காதைத் திருகுவது எல்லாம் இடது. அதிகம் பேசமாட்டாள். ஒரு வேலையைத் தொட்டால் இரண்டாவது முறை தொட வேண்டாதபடி செய்வாள். தப்பு செய்வது அவளுக்குப் பழக்கமில்லை, அதனால்தான் செய்த ஒரு தப்பை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

தொண்ணூற்றைந்தில் எழுவரில் ஒருவர் இறந்து ஓர் இடம் காலியானது. யாரை எடுப்பது என்று மீதி ஆறு பேர்தான் தீர்மானிப்பார்கள். வாலிபர்கள் எல்லாரும் நியூரன்பர்க் நகரத்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆலைக்காக மரம் குறிக்கக் காடு முழுக்க நடந்தவள் என்பதால் எல்லாக் கல்லும் அவளுக்குத் தெரியும் என்று, தலைவராக இருந்த கிழவர் லோரன்ஸ் அவள் பெயரைச் சொன்னார். ஊரில் ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சத்தியம் செய்ய அவள் இடது கையைத் தூக்கினாள், ஊர்த்தலைவர் மற்றக் கை என்றார், கூட்டம் சிரித்தது. பெண்பிள்ளை வாயில் ரகசியம் ஒரு வாரம் தங்காது என்று பின்வரிசையில் பந்தயம் கட்டினார்கள். கட்டியவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, ரகசியம் இருக்கிறது.

லோரன்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்துதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, மூன்று மாலை. நான் என் வீட்டு வாசலில் தெருநாய் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ரிண்ட்ஹாவ் காட்டில் மரம் இழுத்த இயந்திரம் ஒரு கல்லை உடைத்துவிட்டது. அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கருவாலி மரங்களுக்கு அடியில் தரை முழுக்க நீள நீளமாய் மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலையாகக் கிடக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அவை பழைய போரில் வந்து செத்த ஸ்வீடன் படைக்காரர்களின் கல்லறைகள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் ஸ்வீடன்காரன் ஒவ்வொருவனும் இருநூறு மீட்டர் உயரம் இருந்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உண்மையில் அது அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்தைய உழவு. அப்போது அது காடில்லை, வேலியே இல்லாத பெரிய வயல்வெளி. ஆளுக்கு ஒரு நீளத் துண்டு, துண்டுக்கு நடுவில் மண்ணை ஏற்றி ஏற்றி உழுததில் மேடு, இரண்டு துண்டுக்கும் நடுவில் எல்லையாக ஒரு சால். கொள்ளைநோயில் ஊர் அழிந்து, மரம் முளைத்து மூடிவிட்டது. ஆனால் கல்லெல்லாம் இன்றைக்கும் அந்தச் சால்களில்தான் நிற்கிறது.

உடைந்த கல்லின் அடிப்பாகம் மண்ணிலேயே இருந்ததால் அதே குழியில் புதியது நட்டார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் ஆல்பன் வைரிக்கின் காடு, அந்தப் பக்கம் ரூப்ரெக்ட் குடும்பத்துக் காடு. உரிமையாளர்கள் இருவரும் வழக்கப்படி பத்தடி தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றார்கள். எழுவரில் அன்று வந்தது லோரன்ஸும் வால்புர்காவும் மட்டும். லோரன்ஸுக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. நீயே வை, நான் இவங்க திரும்பாம பாத்துக்கறேன் என்றாராம். அவள் வைத்தாள். மண் தள்ளி, கல்லை நிறுத்தி, எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து சாசேஜும் ரொட்டியும் முள்ளங்கியும் சாப்பிட்டு பீர் குடித்தார்கள். எழுவரின் நோட்டில், லோரன்ஸ் நட்டது, உடன் வால்புர்கா என்று எழுதினார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் பாட்டு முணுமுணுத்தாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவள் பாடுவது அபூர்வம், நன்றாகவும் இருக்காது.

இருபத்து மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. லோரன்ஸ் போனார், ஆல்பனும் போனார். காடு ஆல்பனின் மகன் ஓட்மாருக்கு வந்தது. ஓட்மார் நல்லவன், கொஞ்சம் மந்தம், தேனீ வளர்க்கிறான், பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்க்கிற பந்துருட்டு ஆட்டத்தில் என் அணியில் இருக்கிறான். ரூப்ரெக்ட் பக்கத்துக் காடு நகரத்தில் இருக்கிற ஒரு தம்பி மகனுக்குப் போனது. அவர் முறையாக அளக்க ஆள் கூட்டிவந்தார். வந்த ஆள் பழைய வரைபடத்தை வைத்துப் பார்த்து, மேல் கல் சரி, கீழ்க் கல் சரி, இடையில் நிற்கிற இந்தக் கல் மட்டும் கோட்டைவிட்டு ஒன்றரைத் தப்படி ரூப்ரெக்ட் பக்கம் தள்ளி நிற்கிறது என்றார். ஒன்று வரைபடம் தப்பு, இல்லை கல் நகர்ந்திருக்கிறது. கல்லுக்கு அடியில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எழுவரைக் கூப்பிட்டார்கள்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை தோண்டினார்கள். ஓட்மாரும் நகரத்து ரூப்ரெக்டும் முதுகைக் காட்டி நின்றார்கள். நான் வண்டிப் பாதையில் நின்றேன், எழுவரின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஏழு முதுகும் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு இப்போதைய தலைவர் கங்கோல்ஃப், பன்றி வளர்க்கிறவர், நிமிர்ந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, சாட்சி சரியில்லை என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. லோரன்ஸ் வைத்த சாட்சி தப்பாக இருக்காது. அப்படியென்றால் யாரோ கல்லைப் பெயர்த்திருக்கிறான், பெயர்த்தவனுக்கு லாபம் இருந்திருக்க வேண்டும், லாபம் ஆல்பன் வைரிக் பக்கம்.

எங்கள் ஊரில் பன்றி திருடினவனை மன்னிப்பார்கள், பெண்டாட்டியை விட்டு ஓடினவனை இரண்டு வருஷத்தில் மறப்பார்கள். எல்லைக்கல்லை நகர்த்தினவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. அவன் செத்த பிறகும் நெருப்பாய்க் காய்ந்த கல்லைச் சுமந்துகொண்டு வயல்வரப்பில் அலைவான், எதிரே வருகிறவனிடம் எல்லாம் 'எங்கே வைப்பேன், எங்கே வைப்பேன்' என்று கேட்பான் என்று ஒரு கதை இருக்கிறது. எடுத்த இடத்தில் வை என்று யாராவது பதில் சொன்னால் அவனுக்கு விடுதலை. இது கதைதான், யாரும் நம்புவதில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஓட்மார் வீட்டு வாசல் தூணின் மேல் ஒரு கல் இருந்தது. நெருப்புச் சிவப்பில் பெயிண்ட் அடித்த கல். ஊர் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. ஓட்மார் அதை எடுக்கவில்லை. அதுவே பலருக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

அந்த வாரம் முழுவதும் வால்புர்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஆலையில் ஒரு ரம்பத்தை இரண்டு முறை தீட்டினாளாம், அங்கிருந்து ஆள் வந்து உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை நான் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்குக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"அந்தக் கல்லுக்கு சாட்சி வச்சது நான்," என்றாள்.

"தெரியுமே. நீயும் லோரன்ஸும்."

"லோரன்ஸ் குனியவே இல்ல. நான் வச்சேன். தப்பா வச்சேன், கிலியன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கிழங்கோடு சேர்த்து விரலைத் துருவிக்கொண்டேன். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அடுத்த கல் நட்டபோது, ரெண்டு வருஷம் கழித்து, லோரன்ஸ் பக்கத்தில் நின்று அவர் வைப்பதைப் பார்த்தபோது தெரிந்ததாம். அன்றைக்கே அவரிடம் சொல்ல வாயெடுத்தாளாம். பொம்பளையைச் சேர்த்தா இப்படித்தான் என்று ஊர் சொல்லும், அவளைச் சேர்த்ததற்காக லோரன்ஸையும் சேர்த்துச் சொல்லும் என்று வாயை மூடிக்கொண்டாளாம். அடர்ந்த காடு, யார் போய் அந்தக் கல்லைத் தோண்டப்போகிறார்கள் என்று நினைத்தாளாம். மற்றக் கல் எதிலும் தப்பில்லை, அந்த ஒன்றுதான் என்றாள். இருபத்தோரு வருஷம் என் பக்கத்தில் படுத்தவள் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாததற்கா, அவளுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கத்தி அவள் இடது கையில் இருந்தது. மேஜையில் லோரன்ஸ் எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அந்த மூன்று மாலையும் எனக்கு நினைவு வந்தது. அவருக்கு வலது பக்கம் அவளுக்கு இடது பக்கம். அதனால் இடம் வலம் மாறிப்போயிற்றா என்று கேட்டேன். அவள் கையை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு என் பங்கை நான் சொன்னேன். ஓட்மார் வாசலில் இருந்த சிவப்புக் கல் நான் வைத்தது. திங்கட்கிழமை விடியுமுன் பால் எடுக்கப் போகும் வழியில், ஊர் சிரிக்கட்டுமே என்று வைத்தேன். எங்கள் கொட்டகைக் கதவுக்கு அடித்த பெயிண்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் தேடினாலும் கிடைக்காது. 

"ரெண்டு பேரும் சேந்து அவன் குடும்பத்துக்கு நல்லாத்தான் செஞ்சிருக்கோம்," என்றாள்.

எழுவரிடம் போய்ச் சொல்லிவிடு என்றேன். சொல்லலாம், ஆனால் அவள் ஒரு வார்த்தையில் சொன்னால் ரூப்ரெக்ட் நம்புவாரா, ஊர்க்காரனைக் காப்பாற்ற ஊர்க்காரி சொல்கிற பொய் என்பாரே என்றாள். அதற்குப் பிறகு எழுவரின் பேச்சுக்கு மதிப்பேது, ஊரில் இருக்கிற கல் அத்தனையையும் ஆளுக்கு ஆள் சந்தேகப்படுவார்களே என்றாள். நீயும் யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கினாள். நான் அந்தச் சிவப்புக் கல்லையாவது எடுத்துவிடுகிறேன் என்று மறுநாள் லாரியோடு போனேன். ஓட்மார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். கையை ஆட்டிவிட்டு வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். கோழை என்றால் நான்தான்.

வால்புர்கா போனது டாக்டர் போல்மனிடம். பழைய உழவைப் பற்றி ஆராய அந்த அம்மாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, வசந்தம் தொடங்கியதிலிருந்து ரிண்ட்ஹாவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குப் 'பள்ளக்காரி' என்று பெயர். மேடுகளின் குறுக்கே வெட்டினால், சாலில் காலங்காலமாக வழிந்து தங்கிய கறுத்த மண் ஒரு கோடாகத் தெரியும் என்று அவர் சொல்லி வால்புர்கா கேட்டிருக்கிறாள். கல்லைச் சுற்றி மட்டும் மேடும் சாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை, மரம் இழுத்த இயந்திரங்கள் மிதித்துச் சமமாக்கிவிட்டன. மேலே போனது போகட்டும், கீழே கறுப்பு மண் இருக்குமல்லவா என்று கேட்டாள். இருக்கும் என்றார் போல்மன். கல்லிலிருந்து மேல் கல் பக்கமும் கீழ்க் கல் பக்கமுமாக நான்கு இடத்தில் வெட்டிப் பார்க்க இரண்டு உரிமையாளர்களிடமும் சம்மதம் வாங்கினார்கள். கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று போல்மன் ஆவலோடு கேட்டாராம். மண் என்றாளாம் என் மனைவி.

மே மாதம் நடுவில் வெட்டி முடித்தார்கள். ஊரே போய்ப் பார்த்தது. மஞ்சள் களிமண்ணுக்கு நடுவே கறுப்பாக, ஒரு கை அகலத்துக்குச் சால் தெரிந்தது. நான்கு வெட்டிலும் தெரிந்தது. போல்மன் நான்கிலும் குச்சி நட்டு நூல் கட்டினார். நூல் நேராகப் போகவில்லை. லேசாக வளைந்து, சரியாக நம் கல்லின் அடியில் நுழைந்து, மறுபடி வளைந்து கீழ்க் கல்லுக்குப் போயிற்று. எட்டு மாடு பூட்டின ஏரை வயல் கடைசியில் சட்டென்று திருப்ப முடியாது, அதனால் முன்கூட்டியே ஒதுங்கி ஒதுங்கிப் போய் உழவே வளைந்துவிடும் என்றார் அவர். லாரி ஓட்டுகிற எனக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. வரைபடம் வரைந்தவன் மேல் கல்லையும் கீழ்க் கல்லையும் பார்த்தான், நடுவே அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுத்தான், வீட்டுக்குப் போனான். நகரத்து ரூப்ரெக்ட் நூலை இரண்டு முறை நடந்து பார்த்தார். மனிதர் நேர்மையானவர். கல் நிக்கிற இடம்தான் எல்லை, நான் ஒத்துக்கறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

எனக்கு அப்படியே உடம்பு லேசாயிற்று. வால்புர்காவைப் பார்த்தேன், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. நிலம் பிழைத்தது, ஓட்மார் பிழைத்தான், இனி அவள் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

அன்று மாலை எல்லாரும் சாராயக்கடையில் கூடினோம். பக்க அறையில் எழுவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், நோட்டில் எழுதவேண்டும், சாட்சியை மறுபடி வைக்க நாள் பார்க்கவேண்டும். நானும் ஓட்மாரும் வெளியே எங்கள் பக்கத்துப் புகைவாசனை பீரோடு உட்கார்ந்திருந்தோம். அவன் முகம் தெளியவில்லை. காடு கைக்கு வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று அவன் தோளில் தட்டினேன்.

"இடம் சரின்னு சொல்லிட்டாங்க," என்றான். "சாட்சி கலைஞ்சு கெடந்துச்சே. அது ஏன்?"

நான் பீரைப் பார்த்தேன்.

"அப்பாதான் எடுத்திருக்காரு. நகத்திப் பாத்துட்டு, பயந்துபோய் எடுத்த எடத்துலயே வச்சிருக்காரு. ஊர்லயும் அப்படித்தான் பேசிக்கறாங்க, எனக்குக் காது கேக்காதுன்னு நெனப்பு. ஆனா அவங்க சொல்லி நான் நம்பல, கிலியன். நான் பாத்திருக்கேன். நான் சின்னப் பையனா இருந்தப்போ இல்ல, கல்யாணமாகி புள்ள பொறந்த பின்னாடி. ஒரு நவம்பர்ல மண்வெட்டியோட காட்டுலேர்ந்து வந்தாரு, முழங்கால் வரைக்கும் மண்ணு. என்னைப் பாத்ததும் முதுகுக்குப் பின்னால மறைச்சாரு. எங்கப்பா என்கிட்ட அதுக்கு முன்னாடி எதையும் மறைச்சதில்ல."

 வாசல் தூணில் அந்தக் கல் ஏன் அப்படியே இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. என் வாய்க்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது, ஆனால் அன்று அதை மூடிவைத்திருந்த மாதிரி கஷ்டமான வேலையை நான் வாழ்நாளில் செய்ததில்லை. எழுந்து போய்ப் பக்க அறைக் கதவைத் தட்டினேன். எழுவர் உள்ளே இருக்கும்போது அந்தக் கதவை யாரும் தட்டக்கூடாது. கங்கோல்ஃப் எட்டிப் பார்த்து, வீடு எரியுதா என்றார். எரியவில்லை, என் பெண்டாட்டியை அனுப்புங்கள் என்றேன். அவள் வந்தாள், ஓட்மார் சொன்னதை அப்படியே அவள் காதில் சொன்னேன்.  கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நேராக அவன் மேஜைக்குப் போனாள்.

"ஓட்மார், உங்கப்பா அந்தக் கல்லைத் தொடல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கடையில் பேச்சு அடங்கியது.

"சாட்சி வச்சது நான். லோரன்ஸ் இல்ல. தப்பா வச்சுட்டேன். இப்போ தோண்டினப்போ நான் வச்ச மாதிரியே இருந்துச்சு, ஒரு விரக்கடைகூட நகரல. பாத்த ஒடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆறு வாரம் உன்னைத் தவிக்க விட்டேன்."

"நிச்சயமாவா?" என்றான்.

"நிச்சயமா. உங்கப்பா மேல ஆணையா கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். மந்தமானவன் என்று சொன்னேன் அல்லவா, எதையும் முழுசாக யோசித்துத்தான் விடுவான். அப்படியானால் அந்த மண்வெட்டி என்று கேட்டான். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கங்கோல்ஃப் ஓரடி முன்னால் வந்தார்.

"நவம்பர் கடைசியா?" என்றார். "கிறிஸ்துமசுக்கு நாலு வாரம் முன்னாடியா?"

"ஆமா."

"உங்கப்பா வருஷா வருஷம் பஞ்சாயத்துக் காட்டுலேர்ந்து யாரையும் கேக்காம ஒரு தேவதாருக் கன்னை வேரோட பேத்துகிட்டுப் போவாரு. ஃபோர்ஹைம்ல இருக்கிற உங்க அத்தைக்கு, கிறிஸ்துமஸ் மரமா தொட்டியில வச்சு அனுப்புவாரு. ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியாது."

முதலில் ஓட்மார்தான் சிரித்தான். அத்தை வீட்டுத் தோட்டத்தில் வரிசையாகப் பதினெட்டு தேவதாரு நிற்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டால் அத்தை பேச்சை மாற்றுவாள் என்றான். பிறகு கடை முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே முகத்தை இரண்டு கையிலும் புதைத்து அழுதான், தோள் குலுங்கியது. வால்புர்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை அவன் முதுகில் வைத்தாள். திருடர்தான், ஆனா மரத் திருடர் என்று அவன் கைக்குள்ளிருந்தே சொன்னான். இதைவிட நிம்மதியான வார்த்தையை நான் கேட்டதில்லை.

பிறகு அவள் எழுந்து, பக்க அறையிலிருந்து தன் துணிப்பையை எடுத்துவந்து கங்கோல்ஃபிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சாகிற வரைக்கும் என்று சத்தியம் செய்துவிட்டு நடுவில் பையை நீட்டினால் எப்படி, செத்த பிறகு கொடு என்றார். நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டுக்கொண்டாள். எழுதினார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரிண்ட்ஹாவில் சாட்சியைத் திரும்ப வைத்தார்கள். ஓட்மாரும் நகரத்து ரூப்ரெக்டும் முதுகைக் காட்டி நிற்க, நானும் அவர்களோடு நின்றேன். வில்லைகள் கலகலவென்றன. கங்கோல்ஃப் பத்தடிக்குக் கேட்கும்படி, அம்மணி, இந்தத் தடவை நான் உன் பக்கத்துல நிக்கறேன், எதிர்ல இல்ல என்றார். நான் ஊகித்தது சரிதான் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதியும்விட்டேன், அவள் படித்தால் காது போகும்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஓட்மார் வீட்டுக்கு நடந்து போனேன். வாசல் தூணிலிருந்து சிவப்புக் கல்லை எடுத்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஜன்னல் திறந்தது.

"எங்க வைக்கப்போற?" என்றான் ஓட்மார்.

"எடுத்த எடத்துல," என்றேன். "எங்க கொட்டகைக்குப் பின்னால."

"தெரியும். உங்க கதவு பெயிண்ட்தானே. மொத நாளே தெரியும்."

தெரிந்துமா ஒவ்வொரு வியாழக்கிழமையும் என்னோடு பந்துருட்ட வந்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன்.

"என்னன்னு கேக்கறது? எங்கப்பா செஞ்சிருந்தா அது அங்கதான இருக்கணும்," என்றான். பிறகு கதவைத் திறக்க எழுந்து போனான். கல்லைக் கீழே வைக்க இடம் தெரியாமல் நான் அதைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.